மொட்டை மாடியும் ஆக்லாந்து வெயிலும்

ஹாப்சன் தெரு, நெல்சன் தெருப் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு முற்றம் கிடையாது. கட்டடத்தின் உச்சியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொட்டை மாடி இருந்தால் அது பெரிய வசதி. ஆனால் எந்த நேரத்தில் மாடி ஏறுவது என்பதில் நாம் இன்னும் ஊர்ப் பழக்கத்தையே வைத்திருக்கிறோம். இங்கே அது சரிவராது.

ஊரில் வெயிலின் கடுமையைச் சூடே சொல்லிவிடும். இங்கே ஜனவரியில் 24 பாகை, மேலே கடற்காற்று வேறு. தோல் கருகுவது தெரியாது. கெடுதல் செய்வது சூடு அல்ல, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில்தான். ஓசோன் படலமும் சற்று மெலிவு, காற்றில் தூசியும் குறைவு. இதனால் வடகோளத்தில் இதே அகலக்கோட்டில் உள்ள ஊர்களைவிட இங்கே கோடையின் உச்சக் கதிர் ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். புறஊதாக் குறியீடு 3 ஆனாலே பாதுகாப்புத் தேவை. ஆக்லாந்தில் கோடை நடுப்பகலில் அது 12ஐத் தொடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் உச்சி வெயில் வருவது சுமார் ஒன்றரை மணிக்கு. சாப்பிட்டுவிட்டு வடகம் காயவைக்க ஏறும் நேரமும் அதுவே! (ஊரில் காகத்துக்குக் காவல் இருந்தோம், இங்கே கடற்காகத்துக்கு.) செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை காலை 10 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ ஏறுங்கள். இடையில் ஏறினால் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் வேண்டும். கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் குறைவுதான், இல்லை என்பதல்ல. கண்ணுக்கோ அந்தச் சலுகையும் இல்லை.

குளிர்காலத்தில் கதை தலைகீழ். நம் தோலின் கருமை வைட்டமின் டி உண்டாவதைத் தாமதப்படுத்துகிறது. சுகாதார அமைச்சும் புற்றுநோய்ச் சங்கமும் 2012இல் வெளியிட்ட அறிக்கை, இயல்பாகவே கறுத்த தோல் உடையவர்களைக் குறைபாட்டு அபாயம் உள்ளவர்களாகச் சொல்கிறது. குறைபாடு கடுமையானால் பிள்ளைகளுக்குக் கால் எலும்பு வளையும். பெரியவர்களுக்கு எலும்பு நோவும், படி ஏற முடியாத தசைச் சோர்வும் வரும். "வயசாகிவிட்டது" என்று நாம் தள்ளிவிடும் வலி சில வேளை இதுவாக இருக்கும்.

இளவெயில் நல்லது என்று ஜூன் மாதம் காலை எட்டு மணிக்கு மாடியில் நின்றால் குளிர்தான் மிச்சம். மே முதல் ஆகஸ்ட் வரை நடுப்பகலில் ஏறுங்கள். கை, முகம் வெயிலில் படட்டும், சும்மா உட்காராமல் நடங்கள். இங்கே சூரியன் வடக்கு வானில், அதுவும் ஜூனில் தாழ்வாக நிற்கும். லிப்ட் அறையின் நிழல் விழாத வடக்குப் பக்கமே நல்லது. வரவேற்பறைக் கண்ணாடி வழியாக வரும் வெயில் கதகதப்பைத் தரும், வைட்டமின் டி தராது.

எண்ணெய் தேய்த்துக் கைக்குழந்தையை வெயிலில் கிடத்தும் வழக்கத்தை இங்கே விட்டுவிடலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாடி ஏற முடியாத அம்மா, அப்பாவுக்கு மாதம் ஒரு முறை விழுங்கும் மாத்திரை உண்டு. அதையும் குடும்ப மருத்துவரே எழுதித் தருவார்.