ரெண்டு பிளக், ஒரு காப்புரிமை, 12 வருஷ வழக்கு

ஐ.பி.ஆர். பேப்பர் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணுற பாயின்ட்ஸ்தான். காப்புரிமை 20 வருஷம், டிரேட்மார்க் 10 வருஷம், அவ்வளவுதான். ஆனா ஒரு காப்புரிமை உண்மையிலேயே எதைக் காப்பாத்துது? இதைப் புரிஞ்சுக்க சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த பஜாஜ் – டி.வி.எஸ். வழக்கு நல்ல உதாரணம்.

எதுக்குச் சண்டை?

பல்சர் வண்டியில டி.டி.எஸ்.ஐ. ஸ்டிக்கர் பார்த்திருப்பீங்க. ஒரே சிலிண்டரில் ரெண்டு ஸ்பார்க் பிளக். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீப்பொறி வந்தால் தீ பரவ வேண்டிய தூரம் குறையும், எரிதல் சீக்கிரம் முடியும். பெட்ரோல் குறைவான லீன் மிக்ஸ்சர் கூட ஒழுங்காக எரியும். இதற்கு பஜாஜ் 2002 ஜூலையில் விண்ணப்பித்து, 2005 ஜூலையில் காப்புரிமை வாங்கியது.

2007-ல் டி.வி.எஸ். தன்னுடைய 125 சிசி ஃப்ளேம் வண்டியை அறிவித்தது. அதிலும் ரெண்டு பிளக்! "இது எங்க காப்புரிமையை மீறுது" என்றது பஜாஜ். "ஆதாரம் இல்லாம மிரட்டுறாங்க" என்று டி.வி.எஸ். வழக்கு போட, பஜாஜும் தன் பங்குக்கு வழக்கு போட்டது.

கோர்ட்டில் என்ன நடந்தது?

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். டி.வி.எஸ். வேறு வழியில்லாமல் ஒற்றை பிளக்கோடு ஃப்ளேமை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. பஜாஜ் உச்ச நீதிமன்றம் போனது. 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், "டி.வி.எஸ். விற்கலாம், ஆனால் விற்பனைக்குச் சரியான கணக்கு வைக்கணும்" என்றது. இப்படிப்பட்ட வழக்குகளை இழுக்காமல் சீக்கிரம் முடிக்கணும் என்றும் சொன்னது. கடைசியில், 2019-ல் ரெண்டு கம்பெனியும் தங்களுக்குள் பேசி சமரசம் செய்துகொண்டன.

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. காப்புரிமையின் ஆயுள், விண்ணப்பித்த நாளில் இருந்து 20 வருஷம். அதில் 12 வருஷம் வழக்கிலேயே போச்சு. டி.வி.எஸ். பக்கம் பார்த்தாலும், புது வண்டி சந்தைக்கு வர வேண்டிய நேரத்தில் தடையில் மாட்டிக்கொண்டது.

கிளெய்ம் தான் எல்லாமே

இங்கதான் நாம கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கு. "ரெண்டு பிளக்" என்ற ஐடியாவை யாரும் சொந்தமாக்க முடியாது. அது பஜாஜுக்கு முன்னாடியே உலகத்தில் இருந்தது. காப்புரிமை காப்பது, கிளெய்ம் என்ற பகுதியில் எழுதியிருக்கும் வார்த்தைகளைத்தான். பஜாஜின் கிளெய்ம் சிறிய சிலிண்டர் விட்டம், ஒரு சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, எண்ணெய் படாமல் பிளக்கைக் காக்கும் ஸ்லீவ் என்று ஒரு தொகுப்பாக எழுதப்பட்டிருந்தது. டி.வி.எஸ். எஞ்சினிலோ மூணு வால்வு. அந்த ஒரு வால்வு வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்பதுதான் கோர்ட்டில் பெரிய வாதமே. நமக்கு ட்ராயிங்கில் ஒரு டைமென்ஷன் எப்படியோ, வக்கீலுக்கு கிளெய்மில் ஒரு வார்த்தை அப்படி. அதனால "டெக்னிக்கல் வேலை நம்மது, எழுதுற வேலை பேட்டன்ட் ஏஜென்ட்டோடது" என்று ஒதுங்கிடாம, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படிங்க.

நம்ம ப்ராஜெக்ட்டுக்கு இதில் என்ன இருக்கு?

முதலில், தேடுங்க. டிசைன் முடிச்ச பிறகு தேடினால் லேட். இந்திய காப்புரிமை அலுவலக இணையதளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் இலவசமாகவே தேடலாம்.

ரெண்டாவது, காட்டுறதுக்கு முன்னாடி பதிவு பண்ணுங்க. சிம்போசியம், யூடியூப் வீடியோ, பேப்பர் எதுவானாலும் சரி, வெளியே வந்துட்டா அது புதுமை என்ற தகுதியை இழக்கலாம். சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, ஆனா அதை நம்பி இறங்க வேண்டாம். முழுசா ரெடி ஆகலையா? புரொவிஷனல் விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடிச்சுக்கலாம். முழு விவரம் கொடுக்க 12 மாசம் டைம் இருக்கு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஆரம்பக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக் கட்டணம் தனி.

மூணாவது, யாருக்குச் சொந்தம் என்று இப்பவே எழுதி வைங்க. நாலு பேர் சேர்ந்து காப்புரிமை வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நாலு பேருக்கும் சம பங்கு. ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கணும் என்றால் மற்ற மூணு பேரின் சம்மதமும் வேணும். ஒருத்தன் எம்.எஸ். படிக்க வெளிநாடு போய், மெசேஜுக்குக்கூட பதில் போடலைன்னு வைங்க, மொத்தமும் அப்படியே நிற்கும். கல்லூரி லேப், கல்லூரி பணம் பயன்படுத்தியிருந்தால் கல்லூரியின் ஐ.பி. விதியையும் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

பஜாஜும் டி.வி.எஸ்.ஸும் 12 வருஷம் தாங்குற அளவுக்குப் பெரிய கம்பெனிகள். நம்மகிட்ட அவ்வளவு பணமும் இல்லை, அவ்வளவு நேரமும் இல்லை. அதனால முதல் ரிவ்யூவுக்கு முன்னாடியே டீமா உட்கார்ந்து இந்த மூணையும் பேசிடுங்க. ஒரு மணி நேரம் போதும்.