உரிமம் ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை

2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரம். உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்துல ஒப்படைக்கணும்னு அறிவிப்பு வந்தது. என்கிட்ட இருக்கிறது பயிர்ப் பாதுகாப்புக்குன்னு அப்பா காலத்துல வாங்கி, பிறகு என் பேருக்கு மாத்தின நாட்டுத் துப்பாக்கி. தோட்டத்துல கடலைக்காய் பிடுங்க ஆள் வந்திருந்ததால, "நீயே கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்துரு சாமி"ன்னு மகன்கிட்ட கொடுத்தனுப்பிட்டேன். சாக்குல சுத்தி, பைக்குல வெச்சுக் கட்டிக்கிட்டுப் போனான்.

வழியில பறக்கும் படை நிறுத்தியிருக்கு. "லைசென்ஸ் யார் பேர்ல?" "அப்பா பேர்லங்க." "அப்பா எங்கே?" "தோட்டத்துலங்க." உரிமப் புத்தகமும் வீட்டுல. நான் ஓடிப்போய்ச் சேர்றவரைக்கும் பையன் ரோட்டோரத்துல நின்னான். அந்த அதிகாரி நல்ல மனுசன், எச்சரிச்சு விட்டுட்டார். உரிமம் இல்லாம துப்பாக்கி கொண்டு போனா 2 வருசத்துக்குக் குறையாம, 5 வருசம் வரைக்கும் சிறைன்னு அப்புறந்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு துப்பாக்கி இருப்பதால், படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

யார் கொண்டு போகலாம்?
1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் என்பது ஓர் ஆளுக்குத் தருவது. வீட்டுக்கோ வண்டிக்கோ தருவதில்லை. உரிமக்காரர் கூடவே இருந்தாலோ, எழுத்தில் அனுமதி கொடுத்தாலோ இன்னொருவர் எடுத்துச் செல்லலாம். அதுவும் பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, உரிமக்காரர் பயன்படுத்த என்ற மூன்று காரணங்களுக்கு மட்டுமே. தேர்தலுக்கு ஒப்படைப்பது அந்த மூன்றில் சொல்லப்படவில்லை. ஆகவே நாமே போவதுதான் நல்லது.

புத்தகத்தைப் படியுங்கள்
எந்தப் பகுதிக்குள் உரிமம் செல்லும், என்றைக்கு முடிகிறது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அந்த எல்லையைத் தாண்டிப் பக்கத்து மாவட்டத்துச் சொந்தக்காரர் தோட்டத்துக்குக் கொண்டு போனால், உரிமம் இருந்தும் குற்றம்தான். உரிம நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். போலீசார் கேட்டால் உரிமத்தைக் காட்டியாக வேண்டும். அதனால் துப்பாக்கி போகும் வண்டியில் அசல் புத்தகமும் போகணும்.

வண்டியில் வைக்கும் முறை
பொது இடத்தில் துப்பாக்கி அதற்கான உறைக்குள், முழுக்க மூடியபடி, நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சாக்கு உறை ஆகாது. மருந்து கெட்டித்த துப்பாக்கியை வண்டியில் ஏற்றவே கூடாது. கேப்பை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மருந்து உள்ளேயேதான் இருக்கும். துப்பாக்கி காலி என்று உறுதியாகத் தெரிந்த அன்று, இடிக்கிற கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் கம்பியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கிளம்பும் முன் மறுபடி விட்டுப் பாருங்கள். கோடு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, கிளம்பாதீர்கள். மருந்தும் கேப்பும் தனித்தனிப் பெட்டியில் இருக்கட்டும். வழியில் டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டு இறங்க வேண்டாம். கல்யாணம், திருவிழா, பள்ளிக்கூட வளாகம் பக்கம் கொண்டு போகவே கூடாது.

காட்டு வழி
சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் வழியாகத் தாளவாடி போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய வனத்துறையின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி தேவை. அது இல்லாமல் அந்தப் பாதையில் கொண்டு போகாதீர்கள். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமக்காரர்கள் வனத்துறையிடம் பெயரைப் பதிவு செய்யவும் வேண்டும். துப்பாக்கி உரிமம் என்பது பன்றியைச் சுடும் அனுமதி அல்ல. அது வேறு சட்டம்.

ஒப்படைத்ததும் துப்பாக்கி எண்ணோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் காட்டித்தான் திரும்ப வாங்கணும். தேர்தல் முடிஞ்சு நான் வாங்கப் போனப்ப, மகன் பைக்கை ஓட்டினான். உறையும் புத்தகமும் என் மடியில இருந்தது.