அடைப்புக்குறி செய்த வேலை

கேள்வி: பழைய தளத்தில் ஜேகுவரி 1.3-ஐ மாற்றிப் புதிய பதிப்பைப் போட்டேன். பல நிறங்களை ஒரே அரேயாக அனுப்பும் தேடல், பிழைச் செய்தியே இல்லாமல் எதையும் வடிகட்ட மறுக்கிறது. சர்வரில் ஜாவா. ஏன்?
- வாசகர், கோவை

பதில்: 2010 ஜனவரியில் வந்த 1.4 பதிப்பிலிருந்தே இந்தத் தொல்லை. அதுவரை 'நிறம்' என்ற பெயர் ஒவ்வொரு மதிப்புக்கும் அப்படியே திரும்பத் திரும்பப் போகும். 1.4 முதல் 'நிறம்[]' என்று போகிறது. பிஎச்பி, ரூபி ஆன் ரெயில்ஸ் இரண்டுக்கும் பழக்கமான முறை இது. பிஎச்பியில் அடைப்புக்குறி இல்லாவிட்டால் கடைசி மதிப்பு மட்டுமே மிஞ்சும். இவற்றைப் பயன்படுத்துவோருக்கு இந்த மாற்றம் வரம். உங்கள் ஜாவா சர்வ்லெட்டோ 'நிறம்' என்ற பழைய பெயரையே தேடுகிறது. அந்தப் பெயரில் எதுவும் வராததால் 'நல்' கிடைக்கிறது. நிரலும் வடிகட்டாமல் நகர்ந்துவிடுகிறது.

இது தெரிந்தே செய்த மாற்றம். ஆனாலும், ஓடிக்கொண்டிருந்த தளங்களைச் சத்தமின்றி முடக்கும் ஒன்றை இயல்பு நடத்தையாக்கியது தவறு என்பேன். விருப்பத் தேர்வாக வைத்திருக்க வேண்டும்.

தீர்வு சுலபம்: அந்த அஜாக்ஸ் அழைப்பில் 'டிரெடிஷனல்' அமைப்பை 'ட்ரூ' ஆக்குங்கள். அரே அனுப்பும் மற்றப் பக்கங்களையும் உடனே சோதித்துவிடுங்கள்.