ஏரிக்கும் கடலுக்கும் நடுவே

புதுவைப் பகுதியின் வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரே நிலப்பரப்பாக இருக்காது. நடுநடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள் புகுந்து அதைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கும். அதன் தெற்குப் பகுதியில் இருப்பது பாகூர் கொம்யூன். அங்கே கடலூர் சாலையை ஒட்டியுள்ள ஊர் பிள்ளையார்குப்பம். இந்த ஊரை வைத்து ஒரு வட்டாரத்தின் நிலத்தையும் வரலாற்றையும் பிழைப்பையும் தெரிந்துகொள்வோமா?

நிலம் எப்படிப்பட்டது?

பாகூர் வட்டாரம் சமவெளி. தெற்கே தென்பெண்ணை ஆறு, கிழக்கே சில கிலோமீட்டரில் வங்கக் கடல். ஆறு பல காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் இங்குள்ள மண். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மற்ற மாதங்களுக்கு என்ன செய்வது? அதற்காகத்தான் நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள். புதுவைப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. தமிழ்நாட்டிலுள்ள சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்று நீர் இதற்கு வருகிறது. எல்லைக் கோடு மனிதன் போட்டது. தண்ணீருக்கு அது தெரியாது!

வரலாறு

9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதை நடத்த மூன்று கிராமங்கள் கொடையாக அளிக்கப்பட்டன. இதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. ஊரில் விளைச்சல் மிகுந்திருந்தால்தானே கல்விக்குக் கொடுக்க முடியும்?

1749இல் சந்தா சாகிபு வில்லியனூர், பாகூர் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். 1752இல் பாகூர் அருகே நடந்த போரில் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தனர். இப்படி ஊர் ஊராகக் கிடைத்தும் பறிபோயும் திரும்பி வந்தும் அமைந்ததால்தான் வரைபடம் துண்டு துண்டாக இருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று புதுவை இந்தியாவின் நிர்வாகத்தில் சேர்ந்தது. சட்டப்படியான இணைப்பு 1962இல் நிறைவேறியது.

பிழைப்பும் தண்ணீரும்

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் விளையும் வட்டாரம் இது. கரும்பும் வாழையும் உண்டு. இன்று பலர் புதுவைக்கும் கடலூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும் வயல்தான் வட்டாரத்தின் அடித்தளம்.

1960களுக்குப் பிறகு ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. மோட்டாரைப் போட்டால் தண்ணீர் வருகிறது; ஏரியையும் வாய்க்காலையும் தூர்வாரும் அக்கறை குறைந்தது. நிலத்தடி நீர் இறங்கினால் கடலோரத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அது என்ன?

ஒரு லிட்டர் நன்னீரின் எடை 1,000 கிராம். கடல் நீரின் எடை சுமார் 1,025 கிராம். ஆகவே, 40 மீட்டர் உயரக் கடல் நீரைச் சமன்செய்ய 41 மீட்டர் உயர நன்னீர் வேண்டும். அதாவது, கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். அந்த 1 மீட்டரையும் இறைத்துவிட்டால்? உப்பு நீர் மெல்ல மெல்ல நிலத்துக்குள் ஏறிவரும். எல்லா மண்ணிலும் கணக்கு இவ்வளவு சரியாக இருக்காது. ஆனால் விதி இதுதான். உப்பேறிய கிணறு எளிதில் திருந்தாது.

ஏரி நிரம்பினால் நீர் மண்ணுக்குள் ஊறி நன்னீரின் மட்டத்தை உயர்த்தும். ஏரி வயலுக்கு நீர் தருவதோடு கடலையும் தள்ளி நிறுத்துகிறது!

நீங்கள் செய்யலாம்

உங்கள் ஊரில் ஒரு திறந்த கிணற்றைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கயிற்றில் கல் கட்டி, மாதம் ஒருமுறை நீர்மட்டம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். ஏரியில் நீர் உள்ள மாதத்தையும் வற்றிய மாதத்தையும் பக்கத்தில் குறியுங்கள். ஓராண்டு முடிந்ததும் வரைபடத்தாளில் வரைந்து பாருங்கள். ஏரிக்கும் கிணற்றுக்கும் உள்ள உறவு உங்கள் கண்முன் தெரியும்.