கடைக்குக் கொடுத்த காசு, கம்பெனிக்குக் கட்டிய காசு

கேள்வி: எனக்கு வயது 34. பி.காம். முடித்திருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போய்விட்டால் பகலில் நாலைந்து மணி நேரம் சும்மாதான் இருக்கிறேன். “கடைக்கு வாடிக்கையாளர் மாதிரி போய் வாருங்கள், பார்த்ததை எழுதிக் கொடுங்கள், தினமும் 2,000 ரூபாய் வரை சம்பாதிக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மிஸ்டரி ஷாப்பர் வேலையாம். பதிவுக் கட்டணம் 999 ரூபாய் என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் மோசடி என்கிறார்கள். ஆனால் கோவையில் இருக்கும் என் அண்ணி இதே வேலையைச் செய்கிறார். அவருக்குப் பணமும் வருகிறது. அவரும் முதலில் கைக்காசைப் போட்டுத்தான் பொருள் வாங்குகிறாராம். இரண்டிலும் கைக்காசு போக வேண்டும் என்றால், எது நிஜம், எது ஏமாற்று என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மாதம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?
— வாசகி, திருச்சி

பதில்: முதல் காரியமாக அந்த 999 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் அண்ணி போடும் கைக்காசு கடையின் கல்லாவுக்குப் போகிறது. அதற்குப் பில் உண்டு, கையில் பொருளும் உண்டு. நாளைக்கே கம்பெனி கைவிரித்தாலும் அவரிடம் ஒரு பீட்சாவோ ஒரு ஷாம்பு பாட்டிலோ மிஞ்சும். உங்களிடம் கேட்கும் 999 ரூபாயோ வேலை தருவதாகச் சொல்கிற ஆளுக்கே போகிறது. இந்த வேலையில் கடைக்குக் காசு கொடுப்பது சகஜம். வேலை தருபவருக்குக் காசு கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. பதிவு, பயிற்சி, ஐ.டி. கார்டு, ‘திருப்பித் தரப்படும் டெபாசிட்’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. இத்துறை நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான எம்.எஸ்.பி.ஏ.வும், அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷனும் பல வருடங்களாகச் சொல்லி வருவது இதைத்தான்.

வேலை நிஜமானது. 1940-களில் அமெரிக்காவில், கல்லாவில் இருப்பவர் கை சுத்தமா என்று பார்க்க ஆள் அனுப்பியதில் தொடங்கியது. இன்று துணிக்கடை, நகைக்கடை, பெட்ரோல் பங்க், கார் ஷோரூம், வங்கி, சினிமா தியேட்டர் என்று பல கிளைகள் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தேவைப்படுகிறது. சென்னையில் தலைமை அலுவலகத்தில் இருப்பவருக்கு, தில்லைநகர் கிளையில் வாடிக்கையாளரை என்ன சொல்லி வரவேற்கிறார்கள் என்று வேறு எப்படித் தெரியும்? ஆராய்ச்சியாளர்களும் இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் ஆயுள் காப்பீட்டு முகவர்களிடம் வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பிச் சோதித்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. டேர்ம் பாலிசியே போதும் என்ற நிலையில் இருந்தவர்களுக்கும், கமிஷன் கூடுதலாகக் கிடைக்கிற பாலிசியைத்தான் பெரும்பாலான முகவர்கள் பரிந்துரைத்தார்கள் என்பது அதில் அம்பலமானது.

நம் நாட்டில் இந்த வேலை பெரும்பாலும் இடைநிலை நிறுவனங்கள் வழியாகவே வரும். பேர் இன்டர்நேஷனல், ஃப்ளோர்வாக் போன்றவை அந்த ரகம். அவற்றின் தளத்தில் நீங்களே போய்ப் பெயர் பதிய வேண்டும். மோசடிக்காரர்கள் இதே பெயர்களையும் லோகோவையும் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்பதால், வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாமல் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

இனி வேலைக்கு வருவோம். பலரும் இதைக் காசு வாங்கிக்கொண்டு ஷாப்பிங் போவது என்று நினைக்கிறார்கள். ஷாப்பிங்குக்கு இங்கே யாரும் சம்பளம் தருவதில்லை, ரிப்போர்ட்டுக்குத்தான் தருகிறார்கள். ஒரு நகைக்கடை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பவுன் செயின் பார்க்க வந்தவராகப் போக வேண்டும், வாங்க வேண்டியதில்லை. போவதற்கு முன்பே நாற்பது, ஐம்பது கேள்விகள் கொண்ட படிவத்தைப் படித்து மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வாசலில் யாராவது வணக்கம் சொன்னார்களா? பட்ஜெட்டை எப்போது கேட்டார்கள், முதல் செயினைக் காட்டும் முன்பா, பிறகா? செய்கூலி, சேதாரத்தைத் தனித்தனியாகச் சொன்னார்களா, மொத்தமாகப் போட்டு ஒரு தொகையைச் சொன்னார்களா? 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் கட்டாயம். அதை லென்ஸ் வைத்து அவர்களாகவே காட்டினார்களா, நீங்கள் கேட்ட பிறகு காட்டினார்களா? நகைச் சீட்டில் சேரச் சொன்னார்களா? வாங்காமல் எழுந்தபோது முகம் மாறியதா?

குறிப்பு எடுக்க முடியாது. எடுத்தால் குட்டு உடைந்துவிடும். வீட்டுக்காரரிடம் விலை கேட்பது போல உங்கள் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் நேரத்தைத் தட்டி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து அன்று இரவே, அதிகம் போனால் மறுநாளுக்குள், படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும்.

“விற்பனையாளர் சரியாகக் கவனிக்கவில்லை” என்று எழுதினால் ரிப்போர்ட் திரும்பி வரும். “11.42-க்கு நுழைந்தேன். செயின் கவுன்ட்டரில் இருந்த இருவரும் வேறு வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருந்தார்கள். 11.49 வரை யாரும் என்னிடம் பேசவில்லை. பிறகு கண்ணாடி அணிந்த, சுமார் முப்பது வயதுப் பெண், ‘கொஞ்சம் உட்காருங்க மேடம், வந்துடறேன்’ என்றார், 11.53-க்கு வந்தார்” என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள். முதல் வாக்கியத்தில் இருப்பது உங்கள் கோபம் மட்டும்தான். இரண்டாவதைப் படிக்கும் மேலாளருக்கு, அந்த நேரத்தில் கவுன்ட்டரில் இன்னோர் ஆள் தேவை என்பது புரியும். பி.காம். படிப்பை விட இப்படிப் பார்த்து எழுதத் தெரிவதுதான் இங்கே கைகொடுக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் போடும் மதிப்பெண் ஒருவருடைய இன்சென்டிவைத் தொடக்கூடும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததை ‘அலட்சியம்’ என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். படிவத்தில் கேட்காத குறையை வலியத் தேடிப் போகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

வருமானத்தை ஓர் உதாரணக் கணக்காகப் பார்ப்போம். ஓர் உணவகம், உங்கள் கூலி 300 ரூபாய், பில் தொகை 400 வரை திருப்பித் தருவார்கள். பில் 460 வந்தால் அந்த 60 உங்கள் தலையில். போக வர ஆட்டோவுக்கு 150 என்றால் கையில் நிற்பது 90 ரூபாய். சாப்பாடு மிச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எதைச் சாப்பிட வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லியிருப்பார்கள். பயணம், காத்திருப்பு, ரிப்போர்ட் எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரம் போய்விடும். அதே வேலையை, எப்படியும் என்.எஸ்.பி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போகிற நாளில் பஸ்ஸில் போய் முடித்தால் கணக்கு வேறு. அப்படிச் சேர்த்துச் செய்கிறவர்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

பணம் உடனே வராது. ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு மாதம், சில இடங்களில் இரண்டு மாதம்கூட ஆகும். அதுவரை நீங்கள் பில்லுக்குக் கொடுத்ததும் முடங்கிக் கிடக்கும். ஒரே சமயத்தில் ஐந்தாறு வேலை எடுத்தால் வீட்டுச் செலவுப் பணம் மாட்டிக்கொள்ளும். கிளை மாறிப் போனாலோ, பில் போட்டோ மங்கலாக இருந்தாலோ, கெடு தாண்டினாலோ கூலியும் போகும், பில் தொகையும் போகும். ஒருமுறை போன கடைக்குச் சில மாதங்களுக்கு மறுபடி அனுப்பவும் மாட்டார்கள், முகம் தெரிந்துவிடும் என்பதால். சென்னை, பெங்களூரில் கிளைகள் அதிகம். திருச்சியில் அந்த அளவு வேலை இருக்காது. தினமும் 2,000 என்பதை நம்பவே வேண்டாம். கைச்செலவுக்கு ஆகும், பள்ளிக் கட்டணத்துக்கு இதை நம்பி உட்கார முடியாது.

நிஜ நிறுவனமும் உங்கள் பான் எண், வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. கேட்கும், பணம் போட அது வேண்டும். வரி பிடிக்க வேண்டிய தொகையாக இருந்து நீங்கள் பான் தராவிட்டால் 20 சதவீதம் வரை பிடித்துவிடுவார்கள். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், பிடித்த தொகையை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஓ.டி.பி., யு.பி.ஐ. பின் இரண்டையும் யாருக்கும் தரத் தேவையில்லை. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ.யில் பின் போட வேண்டியதே இல்லை. பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

பதிவுக் கட்டணம் சின்ன மோசடிதான். பெரியது டெலிகிராமில் நடக்கிறது. ஏதோ ஓர் ஓட்டலுக்கு மேப்பில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி, 150 ரூபாயை உண்மையாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும் ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’. 1,000 கட்டினால் 1,400 என்பார்கள். அதுவும் ஒருமுறை வரும். பிறகு தொகை ஏறிக்கொண்டே போகும், போட்டதை எடுக்க மேலும் போடச் சொல்வார்கள். போகாத கடைக்கு நட்சத்திரம் போடுவது மிஸ்டரி ஷாப்பிங் அல்ல, பொய்ச் சாட்சி. அமெரிக்காவில் இதே வித்தையைப் போலி செக் அனுப்பிச் செய்கிறார்கள்: செக்கை வங்கியில் போட்டு, கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்களைச் சொல்லச் சொல்வார்கள். செக் திரும்பி வரும்போது வங்கிக்குக் கடன்பட்டவர் நீங்கள்.

இன்னொன்று இதையெல்லாம் விட மோசம். “உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்” என்பார்கள். வந்த பணம் இன்னொருவரிடம் திருடியதாக இருக்கும். போலீஸ் முடக்குவது உங்கள் கணக்கை, விசாரணைக்குக் கூப்பிடுவதும் உங்களை. ஏற்கெனவே பணம் ஏதும் அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் போடுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

அண்ணியிடம் அவர் பதிந்திருக்கும் நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். கடைசியாகப் பணம் வந்த வங்கிப் பதிவில் அனுப்பியவர் பெயர் என்ன என்றும், வேலை முடித்து எத்தனை நாளில் வந்தது என்றும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் அங்கேயே பதிந்து, பொருள் வாங்கத் தேவையில்லாத, விசாரித்து மட்டும் வரும் ஒரு வேலையை முதலில் எடுங்கள். அந்தக் கூலி கணக்கில் ஏறும்வரை, பில் போட்டு வாங்க வேண்டிய வேலை எதையும் எடுக்காதீர்கள்.