வண்டியின் வயிற்றுக்கு ஒரு கவசம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் பெரியோர்கள். எங்கள் வீட்டிலோ வெள்ளம் வந்த பிறகுதான் அணையைப் பற்றி நினைத்தோம். அதனால் கற்ற பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தையார் கொல்லிமலையில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மரவள்ளிக் கிழங்கும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவது அவர் தொழில். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் தொல்லை இல்லை. காட்டிலிருந்து அச்சாலைக்கு வந்து சேரும் மண்பாதையில்தான் தொல்லை. சென்ற ஆண்டு மழைக்குப் பின், மண் அரித்துத் தலைநீட்டிய கல்லொன்று வண்டியின் அடியில் இடித்தது. பாரத்தோடு மேட்டில் நின்றால் மறுபடி ஏறாது என்று எண்ணி அவர் நிறுத்தவில்லை. சற்றுத் தூரத்தில் ஆயில் விளக்கு எரிந்தது. அடுத்த மேட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பழுது பார்க்க 46,000 ரூபாய் ஆயிற்று. தவணை முடியாத வண்டி அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் பருவத்தில் படிப்பைத் தொடர்வேனா என்பதே ஐயமாயிற்று.

“ஏங்கண்ணு, நீ காலேசுல படிக்கிற படிப்பு இதுக்கு ஒரு வழி சொல்லுமா?” என்று தந்தையார் ஒரு நாள் கேட்டார். அக்கேள்விக்குத் தேடிய விடையே கீழே வருவது.

சம்ப்பு என்பது யாது?

எஞ்சினின் அடியில் தொங்கும் எண்ணெய்த் தொட்டியே சம்ப்பு. பம்ப்பு இதிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எஞ்சினின் உராயும் பாகங்களுக்கெல்லாம் அனுப்புகிறது. சம்ப்பு மெல்லிய இரும்புத் தகட்டாலோ வார்ப்பு அலுமினியத்தாலோ ஆனது. வார்ப்பு அலுமினியம் இடி பட்டால் விரிசல் விடும். இரும்பு நசுங்கும். உறிஞ்சு குழாயின் வாய் சம்ப்பின் அடியை ஒட்டியே இருப்பதால், ஓட்டை விழாமல் நசுங்கினாலும்கூட எண்ணெய் வரத்து தடைபடலாம். ஆகவே சம்ப்புக்கும் கல்லுக்கும் இடையே ஒரு தகடு வேண்டும். பட்டறைகளில் இதனைச் ‘சம்ப் கார்டு’ என்பர்.

நாங்கள் செய்த தவறு

முதலில் 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட 3 மி.மீ. இரும்புத் தகட்டை மட்டமாகவே மாட்டினோம். மூன்றாம் வாரமே அது கல் பட்டு மேல்நோக்கி வளைந்து சம்ப்பில் முட்டி நின்றது. “5 மி.மீ. போட்டுடலாம்” என்றார் பட்டறை அண்ணன். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. ஆனால் நம் ஆய்வுக்கூடத்தில் சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் காணும் சோதனை அப்போது நினைவுக்கு வந்தது.

அச்சோதனையில் அளவுகோலை இரு கத்தி முனைகளின் மேல் படுக்கவைத்து நடுவில் எடையைத் தொங்கவிடுகிறோம், கோல் வளைகிறது. அதே கோலை விளிம்பில் நிமிர்த்தி வைத்தால் அவ்வளவு எடைக்கு வளைவதே தெரியாது. பொருள் ஒன்றே, நிற்கும் முறைதான் வேறு. வளைவை எதிர்க்கும் வடிவியல் நிலைமத் திருப்புத்திறன், அகலத்தைத் தடிப்பின் மும்மடியால் பெருக்கி 12ஆல் வகுத்தால் கிடைக்கும்.

இனி நம் தகட்டுக்கு வருவோம். 600 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிப்பும் உள்ள தகட்டுக்கு இது 1,350. தடிப்பை 5 மி.மீ. ஆக்கினால் 6,250, அதாவது ஏறத்தாழ 4.6 மடங்கு. ஆனால் எடை 12.7 கிலோவிலிருந்து 21.2 கிலோவாகிறது. இதற்கு மாறாக, 3 மி.மீ. தகட்டின் நீளவாட்டு ஓரத்தில் 40 மி.மீ. உயரத்துக்கு ஒரு மடிப்பு எழுப்பினால், நிமிர்ந்து நிற்கும் அந்த ஓரத்துக்கு மட்டும் 16,000. தட்டையான தகடு முழுவதற்கும் உள்ளதைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு! கூடும் எடையோ 1 கிலோவுக்கும் குறைவு. எனவே தடிப்பைக் கூட்டாமல் இரு ஓரங்களையும் மடிப்பதென முடிவு செய்தோம்.

அலுமினியம் ஆகாதா எனலாம். 5 மி.மீ. அலுமினியத் தகடு சுமார் 7.3 கிலோதான், 3 மி.மீ. இரும்பைவிட விறைப்பும் அதிகம். ஆனால் விலை கூடுதல். அதைப் பற்றவைக்கும் வசதி எங்கள் பட்டறையில் இல்லை.

செய்முறை

முதலில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, அடியில் பிடித்துப் பார்த்து மாதிரி எடுத்தோம். அட்டையில் செய்யும் பிழைக்குச் செலவில்லை. மடிக்கும் கோட்டில் கிரைண்டரால் பாதி ஆழம் கீறி, ஆங்கிளின் மேல் வைத்துச் சுத்தியலால் மடித்து, கீறிய இடத்தை வெல்டிங் செய்தோம். முன்பகுதியை மேல்நோக்கிச் சாய்த்தோம். கல் முட்டி நிற்காமல் வழுக்கிச் செல்ல இது உதவும்.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடுவது. ஆகவே தகட்டை எஞ்சினில் மாட்டக் கூடாது. சேசிஸில்தான் மாட்ட வேண்டும். அப்போதுதான் அடி சட்டத்துக்குப் போகும். ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட்டு மாட்டினோம். சேசிஸில் புதுத் துளை போடுவதும் பற்றவைப்பதும் அதன் வலுவைக் குறைக்கும். தகட்டுக்கும் சம்ப்புக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி விட்டோம். எண்ணெய் மாற்றும் திருகுக்கு நேரே ஒரு துளையும், காற்று புகவும் சேறு வடியவும் நீள்துளைகளும் இட்டோம். கடைசியாக ரெட் ஆக்சைடு பூசினோம்.

கவனிக்க வேண்டியவை

1. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகக் கூடாது. உறுதியான முட்டுக் கொடுத்த பிறகே புக வேண்டும்.

2. துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பழைய டீசல் டிரம்மை வெட்டுவது அதனினும் கொடிது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

3. புகைக்குழாயைத் தகட்டால் மூடலாகாது. இடையில் காய்ந்த புல் சிக்கினால் தீப்பிடிக்கும்.

4. வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே தகடு கழற்றக்கூடியதாக இருக்கட்டும். வண்டிக்கு வெளியே துருத்த வேண்டாம்.

முடிவுரை

இரண்டாம் தகட்டை மாட்டி எட்டு மாதம் ஆகிறது. அதன் அடியில் இன்று ஐந்தாறு நீண்ட கீறல்கள் உள்ளன. ஓரிடத்தில் சிறு பள்ளமும் உண்டு. சம்ப்பில் ஒரு கீறலும் இல்லை. எங்கள் ஊர் ஓட்டுநர்கள் இருவர் அட்டை மாதிரியைக் கேட்டு வாங்கிச் சென்றனர். அதே வகை வண்டிக்குத்தான் அது பொருந்தும் என்று சொல்லியே கொடுத்தேன்.

எனினும் தகடு இருக்கிறது என்ற துணிவில் கல்லின் மேல் ஏற்றலாகாது. அன்று எஞ்சினைக் கெடுத்தது கல் மட்டுமன்று, விளக்கு எரிந்த பிறகும் ஓடிய அந்தச் சிறு தூரமுந்தான். ஆயில் விளக்கு எரிந்தால் எந்த மேடாயினும் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். இதைத் தந்தையாரிடம் சொன்னபோது, “அதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா?” என்று சிரித்தார். இப்போது அவர் காலையில் வண்டியை எடுக்குமுன் குனிந்து அடியைப் பார்த்துவிட்டே ஏறுகிறார்.