பார்வை: உறுப்பு, நோய், அளவு

கண் சிகிச்சை முகாம்களின் அறிக்கைகளிலும், உதவி கோரும் விண்ணப்பங்களுடன் இணைக்கப்படும் சான்றிதழ்களிலும் 6/18, 6/60, 3/60 என்னும் குறிப்புகள் இடம்பெறுகின்றன. ஒருவர் பார்வையிழந்தவராகக் கணக்கிடப்படுவது இவ்வெண்களைப் பொறுத்தே அமைகிறது. இவற்றின் பொருளை உணர, கண்ணின் அமைப்பையும் அதற்கு நேரும் கோளாறுகளையும் முதலில் அறிதல் வேண்டும்.

கண்ணின் அமைப்பு

வளர்ந்தவரின் விழிக்கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதன் வெளிச்சுவர் விழிவெண்படலம் எனப்படும். இச்சுவரின் முன்பகுதியில், கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் பதிந்திருக்கும் ஒளி ஊடுருவும் பகுதியே கார்னியா. வழக்கில் இதனைக் கருவிழி என்பர். எனினும் இதற்கு நிறமில்லை. பின்னால் உள்ள ஐரிஸ் என்னும் திரையின் நிறமே இதன் வழியாகத் தெரிகிறது. ஐரிஸின் நடுவில் அமைந்த துளை பாவை ஆகும். அது வெளிச்சத்தில் சுருங்கும், இருளில் விரியும்.

பாவையின் பின்னால் லென்ஸ் உள்ளது. கண்ணின் ஒளிவிலக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கார்னியாவைச் சார்ந்தது. எஞ்சியது லென்ஸைச் சார்ந்தது. ஆனால் பொருளின் தொலைவுக்கேற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் திறன் லென்ஸுக்கே உண்டு. கதிர்கள் இறுதியாக விழித்திரையில் குவிகின்றன. அங்குள்ள கோல் செல்கள் மங்கிய ஒளியில் காணவும், கூம்பு செல்கள் நிறத்தையும் நுட்பத்தையும் உணரவும் உதவுகின்றன. பார்வை நரம்பு இச்செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்கிறது.

ஒளிவிலகல் குறைகள்

விழிக்கோளம் நீண்டிருப்பின் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே விழும். இது கிட்டப்பார்வை, அருகில் உள்ளவை மட்டுமே தெளிவாகத் தெரியும். குழிலென்ஸ் இதனைச் சரிசெய்யும். விழிக்கோளம் குறுகியிருப்பின் தூரப்பார்வை உண்டாகும். இதற்குக் குவிலென்ஸ் தேவை. கார்னியாவின் வளைவு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இல்லாதபோது உருப்பிறழ்ச்சி தோன்றும். உருளை லென்ஸ் இதற்குரியது. நாற்பது வயதையொட்டி லென்ஸின் நெகிழ்ச்சி குறைவதால் ஏற்படும் வெள்ளெழுத்து நோயன்று; வயதின் இயல்பே.

லென்ஸின் ஆற்றலை அளக்கும் அலகு டயாப்டர். ஒரு மீட்டரில் ஒளியைக் குவிக்கும் லென்ஸின் ஆற்றல் 1 டயாப்டர். அரை மீட்டரில் குவிப்பது 2 டயாப்டர்.

பள்ளிகளில் நடத்தப்படும் கண் பரிசோதனையின் இன்றியமையாமை இங்கு விளங்கும். ஒரு கண்ணில் மட்டும் குறையுள்ள குழந்தை அதனை உணர்வதில்லை. நாளடைவில் மூளை அக்கண்ணின் செய்தியைப் புறக்கணிக்கப் பழகிவிடும். பின்னர்க் கண்ணாடி அணிந்தாலும் முழுப் பயன் கிட்டாது.

முக்கிய நோய்கள்

லென்ஸ் ஒளி ஊடுருவும் தன்மையை இழப்பது கண்புரை. இதனைக் கரைக்கும் மருந்து இல்லை. அறுவை சிகிச்சையால் லென்ஸை நீக்கிச் செயற்கை லென்ஸ் பொருத்தினால் பார்வை பெரும்பாலும் மீளும். புரை நன்கு முற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்னும் பழைய எண்ணம் இன்று பொருந்தாது.

கண் நீர் அழுத்த நோய் இதற்கு மாறானது. இதில் பார்வை நரம்பு படிப்படியாகச் சிதைகிறது. பெரும்பாலும் வலியின்றி, பார்வைப் பரப்பின் ஓரத்திலிருந்து இழப்பு தொடங்கும். இழந்ததை மீட்க இயலாது. எஞ்சியதைக் காக்கவே இயலும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்படுவதும் தொடக்கத்தில் அறிகுறியின்றி நிகழ்வதால், நீரிழிவு உள்ளோர் ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்ளுதல் நன்று. குழந்தைகளிடம் காணப்படும் மாலைக்கண் வைட்டமின் 'ஏ' குறைவின் அறிகுறி. கவனியாதுவிடின் கார்னியாவே கரைந்துபோகலாம்.

அளவும் அதன் விளைவும்

பார்வைக் கூர்மையை அளக்கும் எழுத்து அட்டையை 1862-இல் ஸ்னெல்லன் என்னும் டச்சு மருத்துவர் வெளியிட்டார். 6/60 என்பதன் பொருள், இயல்பான பார்வையுடையவர் 60 மீட்டர் தொலைவில் காணும் எழுத்தை ஒருவர் 6 மீட்டரில்தான் காண்கிறார் என்பதாகும். 3/60 எனில் அவர் 3 மீட்டர்வரை நெருங்க வேண்டும்.

நாட்டில் 1963-இல் டிரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டமும், 1976-இல் தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டமும் தொடங்கின. டிரக்கோமா ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இந்தியாவில் நீங்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2024-இல் அறிவித்தது. 1976-ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ், நல்ல கண்ணின் பார்வை 6/60-க்குக் குறைவாக இருப்பதே பார்வையிழப்பு எனக் கொள்ளப்பட்டது. 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையையொட்டி, இவ்வெல்லை 3/60 ஆயிற்று.

2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வு, மக்களில் 0.36 சதவீதத்தினர் பார்வையிழந்தோர் எனக் கண்டது. இது புதிய எல்லையின்படி அமைந்த எண். பழைய எல்லையில் எடுக்கப்பட்ட எண்களுடன் இதனை நேராக ஒப்பிடுதல் தவறாகும். 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்குக் கண்புரையே காரணம் என்பதும் அவ்வாய்வின் முடிவு.

புரையால் 5/60 அளவே காணும் முதியவர் ஒருவர் பழைய வரையறையில் பார்வையிழந்தோர் கணக்கில் இருந்தார். இன்று அதில் இல்லை. அவருடைய கண்ணில் உள்ள புரை அப்படியேதான் இருக்கிறது. அவருக்குத் தேவையான அறுவை சிகிச்சையும் அதுவே. வரையறை என்பது நாடுகளையும் காலங்களையும் ஒப்பிட்டு அறிய உதவும் அளவுகோல். சிகிச்சை பெறத் தகுதியுடையவர் யார் என்பதை மருத்துவப் பரிசோதனையே முடிவு செய்யும். இவ்வேறுபாட்டை அலுவலர் உணர்ந்திருந்தால், பட்டியலிலிருந்து நீங்கியவர் சிகிச்சையிலிருந்தும் நீங்கும் நிலை ஏற்படாது.